கவிழ்த்த தோணிக்குக் கீழே ஒரு பிரசங்கம்

பிரெஞ்சுக் குருவான கெர்வெல் சுவாமியிடம் ஒரு புகைப்படம் இருந்தது. பிரான்சின் மேற்கு மூலையில், பிரெத்தாஞ் என்ற கடலோர நாட்டில், அவர் ஞானஸ்நானம் பெற்ற சிற்றாலயத்தின் படம். கட்டி ஐந்நூறு வருடம் ஆகிறது. கருங்கல் சுவர். கோபுரம் கட்ட வசதியில்லாத ஊர் என்பதால் முகப்புச் சுவரையே கூரைக்கு மேலே உயர்த்தி, அதில் இரண்டு துளை விட்டு, துளைக்கொரு மணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே அண்ணாந்து பார்த்தால் தோணியொன்றைக் கவிழ்த்து வைத்தது போலிருக்கும். நடுவில் நெடுக ஒரு முதுகெலும்பு, இரு பக்கமும் வளைந்து இறங்கும் விலா எலும்புகள், அவற்றின்மேல் பலகை.

அதே மாதிரி ஒன்றை இலங்கையின் வன்னியில், கனகராயன்குளத்துக்குக் கிழக்கே, காடு வெட்டிக் குடியேறிய இருபது வேதக்கார, அதாவது கத்தோலிக்க, குடும்பங்களுக்காகக் கட்ட வேண்டும் என்பது சுவாமியின் எண்ணம். 1961ஆம் ஆண்டு சித்திரையில் யாழ்ப்பாண ஆயரான மேற்றிராணியாரிடமிருந்து கடிதம் வந்தது. மாரி மழைக்கு முன் பூசை வைக்கத் தகுந்த கூரையோடு கோயில் எழும்பாவிட்டால் சுவாமி யாழ்ப்பாணத்துக்கு வந்து ஓய்வெடுக்கட்டும் என்று அதில் இருந்தது. இருபத்தேழு வருடம் வன்னிக் காட்டில் சைக்கிள் மிதித்தவருக்குத் தமிழில் பிடிபடாமல் போன ஒரே சொல் ஓய்வு.

சுவர் எழுப்பியவர் வீரகத்தி. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து குடியேறிய சைவக்காரர், நல்ல மேசன். கூரைக்கு முல்லைத்தீவிலிருந்து தோணி கட்டும் சந்தியாப்பிள்ளையை அழைத்தார்கள். சுவாமி படத்தைக் காட்டி, "கவிழ்த்த தோணி. அவ்வளவுதான்" என்றார். சந்தியாப்பிள்ளை படத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், "ஓம்" என்றார். சுவாமி நிம்மதியாக மற்றக் குடியேற்றங்களைப் பார்க்கப் புறப்பட்டுப் போனார்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, கோயில் சுவர்களுக்குப் பக்கத்தில், கடலுக்கு முப்பது மைல் உள்ளே, முப்பத்தாறு அடி நீளத்தில் ஒரு தோணி நிமிர்ந்து நின்றது.

"சந்தியாப்பிள்ளை, உதென்ன?"

"கூரை, சுவாமி."

"சுவருக்கு மேல முதல் விலா எலும்பை நிறுத்தி, பிறகெல்லோ பலகை அடிக்கவேணும்?"

"எலும்பை நிறுத்திப் போட்டுத் தோலைப் போர்க்கிறதோ? எங்கட ஆக்கள் அப்பிடிச் செய்யிறேல்லை."

இரண்டு பேரும் சொன்னது சரி. சுவாமியின் நாட்டில் முதலில் விலாக் கட்டைகளை நிறுத்தி, அவற்றின்மேல் பலகையை ஆணியால் அறைவார்கள். சந்தியாப்பிள்ளையின் கரையில் பலகைதான் முதல். பலகையின் ஓரங்களில் துளையிட்டு, இரண்டு பலகைக்கும் இடையில் தென்னந்தும்பைத் திணித்து, தும்புக் கயிற்றால் தைத்துக்கொண்டே போவார்கள். முழு உடம்பும் உருவான பிறகே உள்ளே கட்டைகளை வைத்துக் கட்டுவார்கள். ஒரு ஆணிகூடக் கிடையாது. அப்படி ஒரு தோணியைச் சுவருக்கு மேலே அந்தரத்தில் வைத்துத் தைக்க முடியாது. ஆகவே அவர் நிலத்தில் தைத்தார். தைத்ததோடு நிற்கவில்லை. பழக்கம் விடாமல், குங்கிலியத்தை உருக்கித் தையலெல்லாம் பூசி, அதன்மேல் சுறா எண்ணெயும் தடவியிருந்தார்.

"சுவாமி, தபசு காலத்தில நாங்கள் மீன் மச்சம் தின்னக்கூடாது. கோயில் மணக்கலாமோ?" என்று கேட்டார் நேசமலர். பூசையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர். சுவாமியைத் திருத்துகிற உரிமையையும் அந்தப் பதவியோடு சேர்த்தே எடுத்துக்கொண்டவர்.

வீரகத்தி தோணியைச் சுற்றி நடந்து, அதன் முன்முனையில் நின்றார். "அண்ணை, அணியம் முல்லைத்தீவுப் பக்கம் பார்க்குது. வீட்டை போக ஆயத்தம்போல."

"கோயில் கிழக்கைப் பார்த்தால் நான் என்ன செய்யிறது?" என்றார் சந்தியாப்பிள்ளை.

சிரிப்பு அடங்கியதும் ஆளுக்காள் வானத்தைப் பார்த்தார்கள். புரட்டாதி பாதி போய்விட்டது, ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும். தோணியைத் தூக்கிக் கவிழ்த்துப் பத்தடிச் சுவரின்மேல் வைக்க யானையும் இல்லை, பளு தூக்கும் யந்திரமும் இல்லை. சுவாமி ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்தார்.

"யாழ்ப்பாணத்தில காத்து நல்லமாம்" என்றார் மெதுவாக.

"என்னத்துக்கு இந்தக் கதை? பிரிச்சாப் போச்சு" என்றார் சந்தியாப்பிள்ளை.

தைத்த தோணியின் வசதி அதுதான். கயிறு பழுதானால் தையலை அறுத்து, பலகையைக் கழற்றி, புதுக் கயிற்றால் மறுபடி தைப்பது வழக்கம். இப்போது பலகைகள் ஒவ்வொன்றுக்கும் கரியால் அடையாளம் போட்டார்கள். முதலில் விலாக் கட்டைகள் சுவரின்மேல் ஏறின. "பார்த்தியோ, எலும்பு முதல்" என்றார் சுவாமி. சந்தியாப்பிள்ளைக்கு அது கேட்கவில்லை. பிறகு பலகைகள் ஏறின. ஒவ்வொரு தையலுக்கும் வெளியே ஒருவர், உள்ளே ஒருவர் வேண்டும். வெளியாள் கயிற்றைத் துளையில் விடுவார், உள்ளாள் இழுத்து இறுக்கித் திருப்பி அனுப்புவார். முழு ஊரும் சோடி சோடியாகச் சாரத்தில் ஏறியது. நேசமலர் உள்ளே, அவருடைய புருசன் வெளியே. "கலியாணம் கட்டிப் பதினாறு வருசத்தில இண்டைக்குத்தான் நான் சொன்னவுடன இழுக்கிறார்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சுவர் விரியாமல் பிடிக்கக் குறுக்கே இரண்டு உத்தரங்கள் வந்தன. சுவாமியின் ஊரில் உத்தரத்தின் இரு முனையையும் கடற்பூதம் ஒன்று விழுங்குவதுபோலச் செதுக்குவார்களாம். வீரகத்தி அதைக் கேட்டுவிட்டு, "உது எங்கட மகரமெல்லே" என்று சுண்ணாம்புச் சாந்தில் நாலு வாயைப் பிடித்து வைத்தார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேற்றிராணியார் தமக்குப் பதிலாகத் தமக்கு அடுத்த நிலையிலிருந்த குருமுதல்வரை அனுப்பினார். அவர் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. அன்று விடியற்காலம் முதல் மழை பிடித்தது.

பூசை தொடங்கும்போது கூரை பதினொரு இடத்தில் ஒழுகியது. குருமுதல்வரின் கதிரையை நேசமலர் இடப்பக்கம் தள்ளினார். அங்கேயும் ஒரு சொட்டு. வலப்பக்கம் தள்ளினார். அங்கே இரண்டு. குருமுதல்வர் குடையை விரித்தார். சுவாமி குடையையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

பின்வரிசையிலிருந்து சந்தியாப்பிள்ளை பீடத்தடிக்குப் போய்ச் சுவாமியின் காதருகே குனிந்தார். "பயப்பிடாதேங்கோ. காய்ஞ்ச தோணி தண்ணியில இறக்கின உடன ஒழுகத்தான் செய்யும். தும்பு ஊதவேணும், மரம் குடிக்கவேணும். பிறகு ஊசி நுழைய இடமிராது. இன்னும் ஒரு மணித்தியாலம்."

"ஒரு மணித்தியாலமோ?"

"பிரசங்கத்தை இழுங்கோ."

சுவாமி பிரசங்கத்தை இழுத்தார். நற்செய்தியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பிரெத்தாஞ் நாட்டுக்குப் போனார். கல்லால் வளைத்துக் கூரை கட்டினால் பாரம் சுவரை வெளியே தள்ளும், அதைத் தாங்க இன்னொரு சுவர் முண்டு கொடுக்க வேண்டும், ஏழை ஊருக்கு அது கட்டாது என்றார். மரக்கூரை இலேசு, ஆனால் மரத்தை வளைக்க யாருக்குத் தெரியும் என்று கேட்டு நிறுத்தினார். குருமுதல்வர் குடைக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார். கப்பல் தச்சருக்குத் தெரியும் என்றார் சுவாமி. மாரியில் கடல் கொந்தளித்துத் தொழில் இல்லாதபோது அவர்கள் கரைக்கு வந்து, தங்களுக்குத் தெரிந்த ஒன்றையே செய்தார்கள். தோணியைத்தான் கட்டினார்கள்.

சந்தியாப்பிள்ளை ஏழு விரல் காட்டினார். ஏழு சொட்டு மிச்சம்.

சுவாமி உத்தரத்துப் பூதங்களுக்குப் போனார். மணிச்சுவருக்குப் போனார். அந்தக் கோயில் கட்டி முடிக்க அறுபது வருடம் எடுத்தது என்றபோது, அறுபதையும் ஒவ்வொன்றாகச் சொல்லப்போகிறாரோ என்று சனம் கலங்கியது. விரல் நாலானது, இரண்டானது. கடைசிச் சொட்டு குருமுதல்வரின் குடையிலேயே விழுந்துகொண்டிருந்தது. அதுவும் நின்றபோது வெளியே மழை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. "ஆமென்" என்றார் சுவாமி. அப்படி ஒரு ஆமெனைச் சபை அதற்குமுன் சொன்னதில்லை.

பூசை முடிந்ததும் குருமுதல்வர் சுவரோரமாக ஒரு சுற்று வந்து, ஒரு தையலைக் கையால் தடவி, விரலை மணந்து பார்த்தார்.

"நல்லா இறுகியிருக்கு. இனி ஒழுகாதோ?"

சந்தியாப்பிள்ளைக்குப் பொய் வராது. "கோடையில காய்ஞ்சு திரும்பப் பிளவு விடும். வருசா வருசம் முதல் மழைக்குக் கொஞ்ச நேரம் குடிக்க விடவேணும், சுவாமி."

"அப்ப வருசா வருசம் உந்தப் பிரசங்கம் வேணுமோ?"

"ஓம்" என்றார் நேசமலர். "வேற சுவாமிமார் கால் மணித்தியாலத்தில முடிச்சுப் போடுவினம். நாங்கள் நனைஞ்சு போவம்."

குருமுதல்வர் குடையை மடக்கி உதறினார். பிறகு, ஓரமாக நின்ற கெர்வெல் சுவாமியிடம் சொன்னார்: "நீங்கள் இஞ்சயே இருங்கோ. கூரை இருக்கெண்டு நான் மேற்றிராணியாருக்குச் சொல்லுறன். அவரைக் கோடையில கூட்டிக்கொண்டு வாறன்."