டொக்டர் படிப்பித்த சட்டம்

டொக்டர் தியாகராசா வெள்ளவத்தையில் டிஸ்பென்சரி போட்டு முப்பது வருடம். சிங்களத்தில் மீன் விலை பேசுவார், பொலிஸ்காரனோடு பகிடி விடுவார். சிங்கள எழுத்தை வாசிக்க மட்டும் தெரியாது. அரசாங்கக் கந்தோர்க் கடிதம் வந்தால் கண்ணாடியைப் போட்டுத் தலையை ஆட்டி, மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவார். மருந்து கட்டும் ஸும்றாவிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் வாசித்துச் சொல்வாள். ஆனால் கொடுத்தால் கௌரவம் என்னாவது?

ஹெரோயின் தூள் பழக்கத்தை நிறுத்த உதவும் குளிசையைத் தன் டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுக்க அவருக்கு அனுமதி வேண்டியிருந்தது. கொட்டாஞ்சேனை ஓட்டோக்காரன் புஷ்பராஜுக்காக அழகான ஆங்கிலத்தில் விண்ணப்பித்தார். பதில் சிங்களத்தில் வந்தது. கீழே சிவப்பு முத்திரை. சிவப்பென்றால் மறுப்புத்தானே என்று அந்தப் பெரிய மூளை தீர்ப்பெழுதியது. அதற்குப் பிறகு புஷ்பராஜ் வந்த இரண்டு முறையும் உட்காரவைத்துச் சட்டம் படிப்பித்தார். கட்டுப்பாட்டு மருந்து, மீறினால் மறியலில் கிடக்கவேண்டும், தன் கை கட்டப்பட்டிருக்கிறது என்று நல்ல பிரசங்கம். பேசி முடித்ததும் அவருக்கே தன்மேல் மரியாதை கூடியது.

மூன்றாம் முறை புஷ்பராஜ் நடுங்கிக்கொண்டு வந்தான். ஒன்றரை நாளாகத் தூளைத் தொடவில்லையாம். இன்றைக்குக் குளிசை கிடைக்காவிட்டால் பின்னேரம் பழைய இடத்துக்கே போய்விடுவானாம். டொக்டர் சாட்சிக்குக் கடிதத்தையே எடுத்து நீட்டினார்.

"தரமாட்டினமாம். நீரே பாரும்."

புஷ்பராஜ் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். விரலை ஓட்டி வாசித்தான். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தான்.

"இதுல பெர்மிஷன் குடுத்திருக்காங்க டொக்டர். பெப்ரவரி ஒண்ணாந் தேதியிலயிருந்து."

சுவர்க் கலண்டரில் மார்ச் இருபது. சிவப்பு முத்திரையில் இருந்தது வெறும் கந்தோரின் பெயராம். டொக்டர் மருந்துச் சீட்டை இழுத்து எழுதத் தொடங்கினார்.

"அப்ப போன மாசமே குடுத்திருக்கலாங்களா?"

தபால், கந்தோர், சட்டம் என்று வழக்கமான சாட்டுகள் எல்லாம் வாய்வரை வந்து நின்றன. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஓம். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, தம்பி."

புஷ்பராஜ் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மருந்து குடுக்க சட்டம் விடலன்னு பொஞ்சாதிகிட்ட சொன்னேன். பொய் சொல்றேன்னு புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா."

டொக்டர் சீட்டை அவனிடம் கொடுத்துவிட்டு ஃபோனைக் கையில் எடுத்தார்.

"அவவின்ர நம்பரைச் சொல்லும். பொய் சொன்னது நானெண்டு நான் கதைக்கிறன்."