செருப்பைக் கழற்றிய ராஜா

அந்தச் செய்தித்தாளைக் கண்டாலே கொனாடுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குமாசி நகரத்திலிருந்து லாரியில் வந்த பழைய காகிதம். வெள்ளைக்கார ராஜா ஒரு பெண்ணுக்காக முடியைத் துறந்துவிட்டார் என்று அதில் போட்டிருந்ததாம். அசுவாசோ ஊரின் தலைவர் ஆம்போன்சா, ஊர் மரியாதையாக 'நானா' என்று கூப்பிடும் மனுஷர், அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு நாளுக்கு நாலு தடவை எடுத்துப் படித்தார். படித்துப் படித்து, தானும் ஒரு காதல் ராஜா ஆகிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார்.

"அவ்வளவு பெரிய ராஜாவே விட்டுட்டாரு கொனாடு. நான் விடமாட்டேனா?"

"அவரு விட்டா அவரு ஊர்ப்பாடு. நமக்கு என்ன வந்துச்சு, நானா?"

"குமாசியில ரூம் பாத்தாச்சு. நீயும் நானும் மட்டும். உனக்கு ஒரு தையல் மிஷின் வாங்கித் தர்றேன்."

தையல் மிஷினாம்! கொனாடு ஊசியில் நூல் கோத்தவளே இல்லை. அவள் கை அரிவாள் பிடித்த கை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஏழு வருஷம் பாடுபட்டு அவள் வளர்த்த கோகோ மரங்கள் இந்த வருஷம்தான் நல்ல காய்ப்பு. அந்தத் தோட்டம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட இந்த மனுஷருக்குத் தெரியாது.

தெரியாதது அது ஒன்றா? அந்த ஊரில் கிரீடம் கிடையாது, மணைதான். முன்னோர் ஆவி குடியிருக்கும் மரமணை. அதில் உட்கார்ந்தவர் தலைவர். அவர் பாதம் வெறும் மண்ணில் படக்கூடாது, பட்டால் தலைமை போச்சு. கொனாடுவின் குடும்பம் தலைமுறைக்கு ஒரு பெண்ணை அந்த மணைக்குக் கொடுக்கும். கொனாடுவை முதலில் கட்டியிருந்த போன தலைவர் கிழவர். அவர் கண்ணை மூடியதும் ஆம்போன்சா வந்து உட்கார்ந்தார், கொனாடு அவருக்குப் பெண்டாட்டி ஆனாள். யார் உட்கார்ந்தாலும் அவள் மணையின் மனைவி, தோட்டமும் மணையின் நிலம். மணையில் இருக்கிற தலைவர் சபையில் ஒரு வார்த்தை சொன்னால் அவளையும் விடுவிக்கலாம், நிலத்தையும் அவளுக்கே கொடுக்கலாம். இறங்கிவிட்டால் அவர் வார்த்தைக்கு மதிப்பில்லை. பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது. குமாசியில் பதினோரு வருஷம் கோட்டு மாட்டிக்கொண்டு திரிந்த ஆம்போன்சாவுக்கு மட்டும் தெரியாது.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்கட்டும், சொல்கிறேன் என்று அவள் காத்திருந்தாள். கேட்டிருந்தால் அவரோடு குமாசி என்ன, கடலுக்கே போயிருப்பாள்.

சபையில் முடிவைச் சொல்லப்போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் அவர் கண்ணாடி முன் நின்று பேச்சுப் பழகிக்கொண்டிருந்தபோது வாய்விட்டே கேட்டாள்.

"நாளைக்கு சபையில என்னப் பத்தி என்ன சொல்லுவீங்க?"

"காதல்னு சொல்லுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? கிளம்பிட வேண்டியதுதான்."

மறுபடி கண்ணாடியைப் பார்த்துக் கையை நீட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

காலையில் ஊரே கூடியது. மனுஷர் பேசினார் பாருங்கள், காதல், தியாகம் என்று அரைமணி நேரம்! சபையின் வாயாக இருக்கும் பாஃபோ, தங்கப்பூண் தடியை ஊன்றி எழுந்தார். மூன்று தடவை கேட்டார்.

"நானா, நிச்சயமாத்தானா?"

மூன்று தடவையும் தலை ஆடியது. இரண்டு பேர் குனிந்து செருப்பை உருவினார்கள். பாதம் மண்ணில் பட்டது. ஆம்போன்சா சிரித்த முகமாக வந்து கொனாடுவின் கையைப் பிடித்தான்.

"கையை எடு," என்றார் பாஃபோ.

ஆம்போன்சாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் பொண்டாட்டி..."

"மணையோட பொண்டாட்டி. செருப்பைக் கழட்டுறதுக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்போம். இப்ப நீ யாரு? அவளா வர்றேன்னா வரட்டும். வீடு, தோட்டம் எதுவும் கூட வராது."

"சொல்லு கொனாடு! எங்கூட வர்றேன்னு சொல்லு. உனக்காகத்தானே எல்லாத்தையும் விட்டேன்?"

"நான் கேட்டேனா?" என்றாள் கொனாடு. "நீங்க விட்டது உங்களது. இப்ப என்னை விட்டுட்டு வரச் சொல்றது என்னோடது. ஏழு வருஷம் மண்ணுல கிடந்தேன். அதைப் பத்தி ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டீங்களா? நான் வரல. போயிட்டு வாங்க."



இறங்கிப் போகிற தலைவனோடு அவன் தானாகக் கட்டிய மனைவி ஒருத்தி போகலாம். அப்படி ஒருத்திதான் இருந்தாள், திவா. குமாசியில் கைபிடித்தவள். இந்த ஊருக்கு வந்த இரண்டு வருஷத்தில் அவள் வாசலை அவன் மிதித்ததில்லை. யாரும் கூப்பிடாமலே அவள் தகரப்பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நடங்க. வெயில் ஏறுது," என்றாள்.

அவன் கொனாடுவைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், திவாவின் பின்னால் நடந்தான். சரளைக்கல்லில் வெறுங்கால் வைக்கத் தெரியாமல் தத்தித் தத்திப் போனான். கொனாடுவுக்கு அப்போதும் ஒரு நொடி கூப்பிட்டுவிடலாமா என்று வாய்வரை வந்தது.

தெரு திரும்பும் முன் அவன் திவாவிடம் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது.

"சாப்பிட ஏதாவது எடுத்தியா?"

"சுட்ட வாழைக்காயும் கடலையும் இருக்கு. மொதல்ல நடங்க."

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. கொனாடு சிரிக்கவில்லை. அவன்மேல் இருந்த கோபம்கூட அந்த நிமிஷமே தீர்ந்துபோயிற்று. கோபப்படவும் ஒரு ஆள் வேண்டுமே.