கேட்டடி மேடு

வேன் டிரைவர் கேட்டுக்கு வெளியிலேயே என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். கேட்டுக்குள் நுழைந்ததும் தரை மேடாகப் புடைத்திருந்த இடத்தைச் செருப்பு நுனியால் தட்டிப் பார்த்தார். பிறகு வீடுவரை ஏறிப் போகும் மண்பாதையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சக்கரத் தடம் இரண்டும் வாய்க்காலாகிப் போயிருக்க, மழைத் தண்ணீர் இன்னும் அங்கங்கே நின்றது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இதுல வண்டிய விட்டா உள்ள இருக்கற புள்ளைங்கள்லாம் குலுக்குன சோடா பாட்டில் மாதிரி ஆயிடும். நான் கதவத் தொறந்தா போதும், பொங்கிரும்."

கேட்டைப் பிடித்தபடி நின்ற அவனுக்குச் சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

"ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள சரி பண்ணிடுங்க. வாசலுக்கே வந்து பாப்பாவ ஏத்திக்கறேன். இல்லன்னா வேற வழி பாத்துக்கோங்க சார்."

வேறு வழி ஏற்கெனவே அக்கா ரூபத்தில் தயாராக இருந்தது. அவன் வேலை பார்க்கும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு விடியுமுன் கிளம்பியாக வேண்டும். மாமனாருக்கு முழங்கால் வலி. குழந்தையைக் கேட்வரை இறக்கிக்கொண்டு போனால் திரும்பி ஏற அவரால் ஆகாது. குழந்தை தனியாக நடக்கிற தூரமும் இல்லை. வீட்டிலிருந்து பார்த்தால் கேட் தெரியாது. அக்கா போனில் முடிவாகவே சொல்லிவிட்டாள். "பாப்பா இங்க டவுன்ல எங்கூட இருக்கட்டும்டா. நீ ஞாயித்துக்கெழம வந்து பாத்துக்க. ரெண்டு ஆம்பளைங்க ஒரு பொம்பளப் புள்ளைக்குத் தலை பின்னி அனுப்பறதெல்லாம் நடக்கற காரியமா?"

"ரோடு சரியாயிடும்க்கா."

"நான் தலை பின்றதப் பத்திக் கேக்கறேன், நீ ரோடுங்கற."

அவன் போனை வைத்துவிட்டான். தலை பின்ன அவன் கற்றுக்கொண்டிருந்தான். ரோடுதான் பாக்கி.

அந்தப் பாதையை அதுவரை பார்த்துக்கொண்டவள் அவன் மனைவி. போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மழைக்காலம் முடிந்ததும் டிராக்டரின் பின்னால் பிளேடை மாட்டிப் பாதையை இழுத்துச் சமன் செய்வது அவள் வேலை. மாமாவுக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை. "எம் பொண்ணு இழுத்த ரோடுல தண்ணி கிளாஸ வச்சாச் சிந்தாது" என்பார், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும். இழுத்து முடித்ததும் தகரக் கேட் தரையில் உராயும். அவள் கட்டிங் மெஷினை எடுத்து வந்து, கேட்டின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்குத் தகட்டை வெட்டி எடுப்பாள். "கேட்டுக்கு முடி வெட்றேன்" என்பாள். "மழைக்குக் கேட்டும் வளருதுப்பா." வருஷா வருஷம் இதே வேடிக்கை. வருஷா வருஷம் மாமா புதிதாகச் சிரிப்பார். அவனும்தான்.

பழைய பிளேடு இப்போது மடிப்பில் விரிசல் விட்டுக் கிடந்தது. ஏற்கெனவே ஒட்டுப் போட்டிருந்த வெல்டர், இனி ஒட்டினால் தன் பெயர் கெட்டுவிடும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். புதிதாக வாங்க வேண்டும். எதை வாங்குவது என்று தெரிந்துகொள்ள அவன் ஒரு மாலையில் கடப்பாரையோடு பாதையை நடந்தான். வீட்டு வாசலில் வெறும் களிமண். ஒரு சரளைக்கல் இல்லை. பாதி வழியில் அங்கொன்றும் இங்கொன்றும். கேட்டை ஒட்டிய மேட்டில் கடப்பாரையை இறக்கியதும் கரகரவென்றது. தோண்டத் தோண்டச் சரளை. முழங்கால் ஆழத்துக்கு.

குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். டிராக்டர் நிற்கும் கொட்டகை மேலே, வீட்டை ஒட்டி இருந்தது. அவள் அங்கேயே பிளேடை மாட்டி, வீட்டிலிருந்து கேட் நோக்கி இழுப்பாள். பிளேடைத் தூக்கிக்கொண்டு சும்மா மேலே போவாள். மறுபடி கீழ் நோக்கி இழுப்பாள். ஒரு முறைகூடக் கீழிருந்து மேலே இழுத்ததில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கல் இறங்கி வந்திருக்கிறது. கேட் வளரவில்லை. தரைதான் வளர்ந்திருக்கிறது. அவன் பட்டம் வாங்கியவன். தினம் அந்தக் கேட்டைத் தள்ளித் திறந்தவன். முடி வெட்டுகிறாள் என்று சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

மாமாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலே அவரைக் கடைக்குக் கூட்டிப் போனான்.

கடை முற்றத்தில் மூன்று சாமான்கள் வரிசையாக நின்றன. ஒன்று அவள் வைத்திருந்தது போன்ற ஒற்றைப் பிளேடு. அடுத்தது லேண்ட் பிளேன், இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவே குறுக்காக இரண்டு தகடுகள். மூன்றாவது பாக்ஸ் பிளேடு. முன்னால் தரையைக் கீறும் இரும்புப் பற்கள், பின்னால் மூன்று பக்கம் அடைத்த பெட்டி. மாமா நேராகப் போய் ஒற்றைப் பிளேடின் மேல் கையை வைத்துக்கொண்டார், வேறு யாரும் கேட்டு வந்துவிடக் கூடாது என்பதுபோல.

"இதான். எம் பொண்ணு இதுலதான் ரோடு போட்டா."

கடைக்காரர் லேண்ட் பிளேனைத் தட்டினார். "ஐயா, இதப் பாருங்க. ஷேவிங் பண்ண மாதிரி இருக்கும். மாட்டிட்டு நீங்க தூங்கிட்டே ஓட்டலாம்."

"தூங்கிட்டே ஓட்டறவனுக்கு வித்துக்கோ" என்றார் மாமா.

அவன் பாக்ஸ் பிளேடின் அகலத்தைக் கையால் அளந்தான். டிராக்டரின் பின் சக்கரத் தடம் இரண்டும் உள்ளே அடங்கும். எடையைக் கேட்டான். அவர்கள் வண்டி தூக்கும். லேண்ட் பிளேன் இருக்கிற மண்ணைச் சமன் செய்யும், அவ்வளவுதான். அந்த மேட்டைப் பெயர்த்து மேலே கொண்டுபோகப் பல்லும் பெட்டியும் வேண்டும்.

"இது போதும்."

"எதுக்கு மாப்ள? அவளுக்குப் போதுமா இருந்தது நமக்குப் பத்தாதா?"

"அந்தப் பிளேடு தள்ளிட்டே போகும் மாமா. அள்ளிட்டு வராது. நம்ம கல்லெல்லாம் கேட்டுக்கிட்ட கெடக்கு. மேல ஒண்ணுமில்ல."

மாமாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் முகம் சிவந்தது. "அப்ப அவ தப்பா இழுத்தான்னு சொல்றீங்களா?"

"ஆமா. தப்பாத்தான் இழுத்தா."

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாமனார் மருமகன் சண்டைய ரோட்டுல வச்சுக்கோங்க. இங்க டீ மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போவது போல நகர்ந்துகொண்டார்.

அவள் போன பிறகு அவளைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. வந்தவர்கள் எல்லோரும் தங்கம் என்றார்கள், மகாலட்சுமி என்றார்கள். அவனும் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவர்கள் சொல்லச் சொல்ல அவள் சுவரில் மாட்டிய படமாகிக்கொண்டே போனாள். இப்போது 'தப்பு' என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும், இடுப்பில் கை வைத்து, "எங்க, நீ இழு பாப்போம்" என்று அவள் கேட்பது காதருகில் கேட்டது. இத்தனை மாதத்தில் முதல் முறையாக அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது.

பாக்ஸ் பிளேடை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

மறுநாள் காலையில் அவன் பற்களை இறக்கி மேட்டைக் கீறினான். டிராக்டர் முக்கியது, நின்றது, மறுபடி நகர்ந்தது. பிறகு பற்களை ஏற்றிவிட்டுப் பெட்டி நிரம்பச் சரளையை அள்ளிக்கொண்டு மேலேறினான். மாமா வாசலில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் தோள்வழியாக எட்டிப் பார்த்து நேரடி ஒலிபரப்பு செய்தது. "தாத்தா, அப்பா வராரு. தாத்தா, கல்லு வருது. தாத்தா, நெறைய வருது!"

வாசலில் பெட்டியைத் தூக்கிக் கல்லைக் கொட்டினான். அந்தச் சத்தத்துக்கு மாமா திரும்பினார். எழுந்து வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒரு கல்லை எடுத்துச் சட்டையில் துடைத்தார். நீலம் கலந்த கல்.

"இது ஒங்க கல்யாணத்துக்கு அடிச்ச லோடு மாப்ள. கார் வரணும்னு நான்தான் நின்னு கொட்டுனேன். அடுத்த மழையிலயே போச்சுன்னு நெனச்சேன்." கல்லை உள்ளங்கையில் உருட்டினார். "ஒரு கல்லு வெளிய போகல. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டயே நிறுத்தி வச்சிருக்கா, பாத்தீங்களா? தப்பா இழுத்தாலும் கெட்டிக்காரத்தனமா இழுத்திருக்கா எம் பொண்ணு!"

"ஆமா மாமா" என்றான். அடுத்த லோடுக்கு டிராக்டரைத் திருப்பினான்.

அதன் பிறகு மாமா நாற்காலிக்குத் திரும்பவில்லை. "இங்க கொட்டுங்க, அங்க பள்ளம்" என்று கைத்தடியால் படை நடத்தினார். மேடு கரையும்வரை கீழும் மேலும் போய்வந்தார்கள். கடைசியில் அவன் பெட்டியை ஒரு பக்கம் தாழ்த்தி, நடுவில் சற்று உயரம் விட்டு இழுத்தான். ஒரு வாளித் தண்ணீரைப் பாதை நடுவே ஊற்றினான். தண்ணீர் கொஞ்சம் யோசித்து, இரண்டாகப் பிரிந்து இரண்டு ஓரத்துக்கும் ஓடியது.

"இப்ப கிளாஸ வச்சாச் சிந்துமே" என்றார் மாமா.

"சிந்தணும் மாமா. நின்னாத்தான் ரோடு கெடும்."

மாமா யோசித்தார். "சிந்தற மாதிரி ரோடு போட எம் மாப்ளைக்குத்தான் தெரியும்" என்றார். இனி கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் இதுதான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. டிராக்டரில் உட்கார்ந்தபடியே பாதையைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி பார்த்தான். கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

தரை இறங்கிவிட்டதால் கேட் அந்தரத்தில் நின்றது. அடியில் ஒரு முழ இடைவெளி. மாமா கொட்டகையிலிருந்து ஒரு கட்டுத் தகரத்தைத் தூக்கி வந்தார். அவள் வெட்டி எடுத்த தகட்டுத் துண்டுகள். ஒன்றைக்கூட எறியாமல் கம்பியால் கட்டி வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் அந்தந்த வருஷத்துப் பெயின்ட்.

"வெல்டிங் வச்சுத் திரும்ப ஒட்டிடலாமா?"

"இருக்கட்டும் மாமா. அப்புறம் பாக்கலாம்."

பள்ளி திறக்கும் காலையில் அவன் லீவு போட்டிருந்தான். அக்கா போன் செய்தாள். "வேன் உள்ள வருதா?" என்றாள். "இப்பத் தெரிஞ்சிடும்" என்றான். ரெட்டைப் பின்னலும் புதுச் சீருடையுமாகக் குழந்தை அவனோடு கேட்வரை இறங்கி வந்து, அவன் தடுக்குமுன் சரளைமேல் குப்புறப் படுத்துக் கேட்டுக்கு அடியில் தலையை நீட்டியது. அவன் திட்டவில்லை.

"அப்பா, டயர் வருதுப்பா!"

தகரத்துக்கு அப்பால் என்ஜின் சத்தம் நெருங்கியது. அவனுக்கு வேன் தெரியவில்லை.

"நின்னுருச்சு."

தள்ளத் தயாராக அவன் கேட்டின்மேல் ஒரு விரலை வைத்தான்.

"அப்பா, டயர் நம்ம பக்கம் திரும்புது."