ஒரு வாய் இந்தி

பானுப்ரியாவுக்கு இது மூன்றாவது தடவை, கடைசித் தடவையும்கூட. முதியோர் பராமரிப்புப் படிப்பில் செய்முறை வேலை அத்தனையிலும் அவள்தான் முதல். ஆனால் திண்டுக்கல்லில் அவள் படித்த பயிற்சி நிலையத்தில், இரண்டாம் மொழி ஒன்றில் பேசிக் காட்டித் தேறாமல் சான்றிதழ் தரமாட்டார்கள். கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லம் அவளுக்கு வேலை வைத்துக்கொண்டு காத்திருந்தது. அங்கே பாதிப் பேர் வடக்கத்திக்காரர்கள் என்பதால் இந்தி எடுத்திருந்தாள். இரண்டு முறையும் தேர்வறையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இன்றும் ஒட்டினால் படித்ததெல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான்.

கணவன் மோகன்குமார் தொப்பம்பட்டியிலிருந்து கூட வந்திருந்தான். முருங்கைக்காய் லோடு ஏற்ற வேண்டிய நாள் வீணாகிறதே என்ற கடுப்பை பஸ் முழுக்க அவள்மேல் காட்டிக்கொண்டே வந்தான்.

"நாப்பது வயசுல இந்தி படிச்சு, எந்த ஊரு மந்திரியோட பேசப்போறே நீயி?"

"செத்த சும்மா இருங்க. மறந்துபோயிரும்" என்றாள் அவள். பிறகு தனக்குத்தானே ஒப்பித்துக்கொண்டாள். சாப்பிடுகிறீர்களா என்று கேட்க வேண்டும். நோயாளி வேண்டாம் என்றால் சரி என்று சொல்லி, நோட்டில் எழுதிவிட்டு வந்துவிட வேண்டும். வற்புறுத்தக் கூடாது. இவ்வளவுதான் பாடம்.

தேர்வறையில் கரண்ட் போயிருந்தது. ஜன்னலை விரியத் திறந்து வைத்திருந்ததால், வெளியே வேப்பமரத்தடியில் நின்ற மோகன்குமாருக்கு எல்லாம் தெரிந்தது, பேச்சும் கேட்டது. தேர்வு நடத்த வந்த இஃப்பத் மேடம் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, படுத்த படுக்கையான கிழவராக நடித்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். நடுவில் ஒரு காலித் தட்டு, ஒரு கரண்டி.

பானுப்ரியா ஏதோ கேட்டாள். மேடம் தலையை ஆட்டி மறுத்தார். அவள் நோட்டை எடுத்து எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

தொப்பம்பட்டிப் பக்கம் சோறு வேண்டாம் என்பதை யாரும் காதில் வாங்குவதில்லை. முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு, மூன்றாவதற்குள் சோறு இலையில் விழுந்திருக்கும். அந்தப் பழக்கம் அவளை நேரங்கெட்ட நேரத்தில் பிடித்துக்கொண்டது. "தாதாஜி" என்று தாத்தாவைக் கூப்பிடுவதுபோல் குனிந்தாள். மேடம் மறுபடி மறுத்தார். பஸ்ஸில் அவள் ஒப்பித்ததைக் கேட்டிருந்த மோகன்குமார், 'போச்சு, பாடத்தை விட்டுட்டா' என்று ஜன்னலை ஒட்டி வந்தான். அதுவரை கடுப்பில் இருந்தவன், அவள் தேறிவிட வேண்டுமே என்று அப்போதுதான் முதல்முதலாகத் தவித்தான்.

அவள் கரண்டியைக் கையில் எடுத்தாள், பேசினாள். தடுமாறவில்லை, நிற்கவில்லை. கெஞ்சினாள், செல்லமாகக் கோபித்தாள், குரலைத் தாழ்த்தி ரகசியம் மாதிரி என்னவோ சொன்னாள். மோகன்குமாருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. ஒரு வார்த்தைகூட விளங்காத அந்தப் பேச்சு அவனுக்குப் பழகிய பேச்சாக இருந்தது. அவன் அப்பன் பெருமாள்சாமி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் கேட்ட குரலுக்கும் இதே ஏற்ற இறக்கம்தான். இத்தனை காலம் தன் வீட்டுக்குள் இருந்தது இப்பேர்ப்பட்ட மனுஷியா என்று அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

இஃப்பத் மேடம் வாயைத் திறந்தார். பானுப்ரியா வெறும் கரண்டியை ஊட்டினாள். மேடம் அதை மென்று விழுங்கினார்.

தேர்வு முடிந்து மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். பின்னாலேயே பானுப்ரியாவும் வந்து நின்றாள்.

"நீங்கதான் வீட்டுக்காரரா? விதிப்படி இவங்க பாதியிலேயே நிறுத்தியிருக்கணும். அதுக்கு மார்க் குறைச்சுட்டேன். ஆனா பேச்சுக்குக் குறைக்க எனக்கு வழியில்ல. பாஸ்."

மோகன்குமார் தயங்கினான். "கடைசியா மெதுவா ஒண்ணு சொன்னாளுங்களே, அது என்னங்க?"

"அதுவா? 'உங்க மகன் இன்னும் சாப்பிடல தாதாஜி. நீங்க ஒரு வாய் வாங்கினாத்தான் தட்டுல கை வைப்பேன்னு பசியோட உக்காந்திருக்காரு'ன்னாங்க. அதுக்கப்புறம் எந்தத் தகப்பன் வேண்டாம்பான், சொல்லுங்க."

மேடம் போய்விட்டார். அவனுக்கு அவளை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"எங்க ஐயன்கிட்டயும் இதத்தான் சொன்னியா?"

"ஆமாங்க. தெனமும்."

"நான் அதுக்கு முன்னாலயே தின்னுபோட்டு டீவி முன்னால உக்காந்திருப்பனே."

"அது மாமாவுக்குத் தெரியாதுங்களே" என்றாள் பானுப்ரியா.