பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி

இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் நாத்தனாரின் இருட்டறை: சிவப்பு விளக்கு, மருந்துத் தண்ணீர் நிற்கும் தட்டுகள், மூக்கைத் துளைக்கும் நெடி. இந்தப் பக்கம் மருமகளின் அறை: பெரிய கணினித் திரை, பாதி அறையை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இங்க்ஜெட் பிரின்டர். இருவரும் அச்சுப் போடுவது ஒருவருடைய படங்களைத்தான். அவர் நாத்தனாருக்கு அம்மா, மருமகளுக்கு மாமியார். வாழ்நாள் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் படம் எடுத்தவர்.

பெரிய காட்சிக்கூடம் ஒன்று மாமியாரின் படங்களைக் கேட்டிருந்தது. எல்லாம் ஒரே விதமான அச்சாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அச்சுப் போட்டவர் பெயரும் சுவரில் ஏறும்.

"ரெண்டு பேரும் பாலம் படத்தைப் போட்டுக் கொண்டாங்க. எது யாருதுன்னு சொல்லக் கூடாது. எனக்குப் பிடிச்சது போகும்," என்று மாமியார் தீர்ப்பின் வழியைச் சொல்லிவிட்டார்.

நாத்தனாரின் பெயர் ஏற்கெனவே எத்தனையோ சுவர்களில் ஏறியிருக்கிறது. மருமகளுக்கு இந்த வீட்டில் வேறு பெயர். "பட்டன் தட்டுறவ." நாத்தனார் வைத்த பெயர். விளையாட்டாகத்தான் சொல்வாள், ஆனால் தினமும் சொல்வாள். அது மருமகளுக்குச் சுருக்கென்று தைக்கும். ஒரு சாம்பல் நிறத்துக்காக எத்தனை தாளை வீணடித்தாள், எத்தனை முறை நிழலை ஏற்றி இறக்கினாள் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? இந்த ஒரு தடவையாவது ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தாள்.

பாலம் படத்தைப் பற்றி வீட்டில் ஒரு தீராத வழக்கு உண்டு. மூடுபனிக்குள் போகும் பாதி கட்டிய பாலம் அது. மறுகரையில் நின்று கை காட்டியது தான்தான் என்று மாமனார் கல்யாண வீடு, சாவு வீடு பார்க்காமல் சொல்லிக்கொண்டே இருப்பார். எந்த அச்சிலும் அவரைக் காணோம். "பனியைப் பார்த்து டாட்டா காட்டினவரு," என்று மாமியார் வாரிவிடுவார்.

நெகட்டிவை ஸ்கேன் செய்து, தூசிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்த மருமகள், பாலத்துக்கு அந்தப் பக்கம் மறுகரையில் இருந்த வெள்ளைப் புள்ளியில் நின்றாள். பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். தூசிக்குத் தோள் இருக்குமா? தூக்கிய கை இருக்குமா? அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புள்ளியைத் தொடாமல் விட்டாள். யாராவது கேட்டால் காட்டிக்கொள்ளலாம் என்று வாயையும் மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை இரண்டு அச்சுகளும் கூடத்து மேசையில் கிடந்தன. ஒரே அளவு, ஒரே பளபளப்பு. மருமகள் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே வரும்போது, நாத்தனார் கையில் மெல்லிய தூரிகையோடு குனிந்திருந்தாள். இருட்டறை அச்சில் தூசி விழுந்த இடமெல்லாம் வெள்ளையாக நிற்கும். காய்ந்த பிறகு சாயம் தொட்டு அதை அடைப்பது அவளுடைய வழக்கம்.

"பாரு, இன்னைக்கு என்னுதுல தூசியே இல்ல. எப்பவும் வர்ற இந்த ஒண்ணுதான்," என்றாள் நாத்தனார் பெருமையாக. பக்கத்தில் இருந்ததைத் தூரிகையால் காட்டினாள். "உன் மிஷின் எவ்வளவு அழுக்கு விட்டிருக்கு பாத்தியா?"

"அண்ணி, அது..."

தூரிகை இறங்கிவிட்டது. வெள்ளைப் புள்ளி பனிக்குள் மறைந்தது.

மருமகளுக்கு உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. அவள் அந்தத் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அழுக்கு அச்சைத் திருப்பினாள். எத்தனை விநாடி வெளிச்சம், எந்த மூலையைக் கையால் மறைத்தது என்று நாத்தனாரின் பென்சில் எழுத்து வரிசையாக நின்றது.

நாத்தனார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கோபக்காரிதான், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள்.

"என்னுதுன்னே நெனச்சுட்டேன்டி," என்றாள். "அந்தக் கறுப்பு... அது என் கறுப்பு மாதிரியே இருந்துச்சு. ஐயோ, உன் அச்சைக் கெடுத்துட்டேனே!"

"அச்சு போனா இன்னொண்ணு வரும் அண்ணி. நீங்க எதை அழிச்சீங்கன்னு வந்து பாருங்க."

சத்தம் கேட்டு மாமியாரும் மாமனாரும் வந்து திரைமுன் நின்றார்கள். மருமகள் புள்ளியைப் பெரிதாக்கினாள். வெள்ளைச் சட்டை, ஒல்லி உடம்பு, உயர்த்திய கை. சந்தேகத்துக்கு இடமே இல்லை, பக்கவாட்டில் விடைத்து நிற்கும் அந்தக் காதுகள் குடும்பச் சொத்து.

"அப்பா!" நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா உங்களைத் தூசின்னு நெனச்சு நானேதான் அழிச்சிருக்கேன்!"

மாமனார் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இப்ப சொல்லுங்க. பனிக்கா டாட்டா காட்டினேன்?"

மாமியார் திரையில் இருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்குத்தான் காட்டியிருக்கீங்க," என்றார். உடனே பழைய மாமியாராகத் திரும்பினார். "சரி, எது போகணும்? பெரியவளே, நீயே சொல்லு."

"இதுல சொல்ல என்ன இருக்கு? அவ அச்சுதான் போகணும்," என்றாள் நாத்தனார். "ஆனா என் கறுப்பு இன்னும் ஒரு பிடி ஆழம். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

பிரின்டர் மறுபடி ஓடியது. முதலில் வானம் வந்தது, பிறகு பனி, பிறகு பாலம். மாமனார் தன் வருகைக்காகத் தானே காத்துக்கொண்டு நின்றார். வெள்ளைப் புள்ளி வெளியே வந்ததும், "கொஞ்சம் பெருசாப் போட முடியாதாம்மா?" என்றார்.

"முடியாது. படம் என்னுது," என்றார் மாமியார்.

எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் மட்டும் இருட்டறைக்குள் போய்த் தன் பென்சிலோடு வந்தாள்.

"பின்னாடி எழுது. போட்டவங்கதான் எழுதணும்."

மருமகள் எத்தனையோ நல்ல அச்சுப் போட்டிருக்கிறாள், ஒன்றின் முதுகிலும் அவள் எழுதியதில்லை. மை காயும்வரை காத்திருந்து, தாளைப் பதமாகத் திருப்பிப் போட்டாள். வளைவு நெளிவு எதையும் விடாமல், தன் முழுப் பெயரையும் எழுதினாள்.