அணைத்த பிறகும்

"மொத்தம் எத்தன ரூம் அக்கா?" என்று நாகஜோதி கேட்டதும் விரல் விட்டு எண்ணிய அசீனா கடைசி விரலில் நின்றாள்.

ராஜபாளையத்து லைட் கடையில் நாகஜோதியிடம் மாட்டிக்கொண்டால் சும்மா பல்பை வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது. எங்கே மாட்ட, அங்கே என்ன வேலை நடக்கும், சுவரில் என்ன பெயிண்ட் என்று துருவித் துருவிக் கேட்பாள். "வாட்ஸ மட்டும் பாத்து வாங்காதீங்க. அது எம்புட்டு கரண்டு திங்கும்னுதான் சொல்லும். எம்புட்டு வெளிச்சம் தரும்னு லூமன்ல பாக்கணும்" என்று அட்டையைத் திருப்பிக் காட்டுவாள். படிக்காவிட்டால் விடமாட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அசீனாவின் வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. முன்பக்கம் குடியிருப்பு. அதை ஒட்டி, பேண்டேஜ் துணி மடித்துப் பாக்கெட் போடும் ஹால். அங்கே பழைய டியூப்லைட்டுகள் கரண்டைக் குடித்துவிட்டு அழுது வடிந்துகொண்டிருந்தன. துணியில் ஒரு கறுப்பு நூல் கிடந்தாலும் ஆஸ்பத்திரிக்காரர்கள் சரக்கைத் திருப்பிவிடுவார்கள்.

"ஹாலுக்கு வெள்ள லைட்டுதான். மஞ்சள்ல அழுக்கு தெரியாது. படுக்குற ரூமுக்கு மஞ்சள் போடுங்க, கண்ண உறுத்தாது. வேற?"

"பின்னாடி ஒரு ரூம் இருக்கு. பூட்டிக் கெடக்கு."

"பூட்டியேதான் வைக்கப் போறீங்களா?"

புது ஆர்டர் வந்திருந்தது. மூட்டை அடுக்க ஹாலில் இடமில்லை. "இல்ல, தொறக்கணும்" என்றாள் அசீனா. "அதுக்கும் ஒண்ணு குடு."

அந்த அறையில்தான் அவள் கணவன் சாதிக் பாட்சா இறந்துபோனான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு மத்தியானம். ஜன்னல் இல்லாத அறை அது. குண்டு பல்பு விட்டு விட்டு எரிந்து, கடைசியில் அணைந்தே போனது. ஹோல்டர்தான் லூஸ் என்று அவன் இரும்பு ஸ்டூலில் ஏறினான். அசீனா வாசலில், சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஆஃப் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

ஹோல்டரைத் திறந்து கம்பியைத் தொட்டான். அவ்வளவுதான்.

பிறகு என்ன செய்தோம் என்பது அவளுக்கே சரியாக நினைவில்லை. அலறினாள், கைக்கு வந்தபடி சுவிட்சை அடித்தாள், முன்பக்கத்து மெயினுக்கு ஓடினாள். தகவல் தெரிந்து கொழுந்தன் யாசின் வந்தான். ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். உள்ளே நுழைந்ததும் அவன் கண் சுவிட்சுக்குத்தான் போனது.

"சுவிட்சு ஆன்லல்ல இருக்கு" என்றான் மெதுவாக. மெதுவாகச் சொன்னால் ஊருக்குக் கேட்காதா என்ன? நாற்பதாம் நாள் பாத்திஹா முடிவதற்குள் அது சொந்தபந்தம் முழுக்கப் போய்விட்டது. மாமியார் சின்ன மகன் யாசின் வீட்டோடு போய்விட்டார். அன்றிலிருந்து அசீனா கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

யாராவது நேருக்கு நேராகக் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். அவளுக்கே அவள் மேல் நம்பிக்கை இல்லாமல் போனதுதான் கொடுமை. பதற்றத்தில் அடித்த அடியில்தான் சுவிட்ச் ஆனாகியிருக்க வேண்டும் என்று சில நாள் நினைப்பாள். முதலில் அணைக்கவே இல்லையோ என்று மற்ற நாட்களில் தோன்றும். விரலுக்கு எதுவும் ஞாபகமில்லை. "பண்ணிட்டேன்" என்று சொன்ன வாய்க்கு மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

ஜோயல் என்கிற எலக்ட்ரீஷியன் வந்து எல்லா லைட்டையும் மாட்டினான். பின்னறையில் பெரிதாக வேலை இல்லை. யாசின் அப்போதே ஹோல்டரைச் சரியாக மாட்டிவிட்டுத்தான் அறையைப் பூட்டியிருந்தான். ஜோயல் புது எல்இடி பல்பைச் சொருகி, எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனான்.

அன்று பாக்கிங் பெண்கள் வீட்டுக்குப் போன பிறகு, பொழுது சாய்ந்து மக்ரிபு பாங்கு சொல்லும் நேரத்தில், அசீனா பின்னறை சுவிட்சை அணைத்துக் கதவைச் சாத்தினாள். கதவுக்கு மேலே இருந்த கண்ணாடியில் வெளிச்சம் தெரிந்தது.

கதவைத் திறந்தாள். பல்பு எரியவுமில்லை, அணையவுமில்லை. நீர்த்த பால் நிறத்தில் ஒரு மங்கல். அந்த மங்கலில் இரும்பு ஸ்டூலின் விளிம்பு தெரிந்தது. சுவிட்சைத் தடவிப் பார்த்தாள். ஆஃபில்தான் இருந்தது. போட்டு மறுபடி அணைத்தாள். வெளிச்சம் போகவில்லை.

"ஆஃப் பண்ணிட்டியா?"

பக்கத்தில் நின்று கேட்ட மாதிரியே இருந்தது. "பண்ணிட்டேங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு, தெரிந்த ஓதலை எல்லாம் ஓதிக்கொண்டே முன்பக்கம் ஓடிவந்தாள்.

மறுநாள் மூட்டை எடுக்கப் போன ஆவுடையம்மாளும் அதைப் பார்த்துவிட்டாள். பாக்கிங் பெண்களிலேயே மூத்தவள் அவள்தான். "பாய் உள்ளதான் இருக்காவ. லைட்ட அணைச்சாலும் போக மாட்டேங்காவ" என்று குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். அதன் பிறகு யாரும் பின்னறைப் பக்கம் போகவில்லை. வேலைக்கு வந்துகொண்டிருந்த விஜி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றுவிட்டாள். மூட்டைகள் நடைவழியை அடைத்துக்கொண்டு கிடந்தன.

அசீனா சாயங்காலமானால் அந்தக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். போகாமல் இருக்க முடியவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். முதலில் தினமும் "பண்ணிட்டேங்க" என்று சொன்னாள். பிறகு ஒருநாள், அந்த மங்கலைப் பார்த்து, "தெரியலங்க. சத்தியமா எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்படியே போனால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மறுநாள் காலையில் மெயினை அணைத்து, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பல்பைக் கழற்றினாள். பேய் பிடித்தால் மாற்றித் தருவதாக வாரண்டி அட்டையில் எதுவும் எழுதவில்லை. இருந்தாலும் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினாள்.

நாகஜோதி பல்பை மாட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான எரியுது. அணைச்ச பொறவும் மங்கலா நிக்குதா?"

"ஆமா."

"அப்ப பல்பு மேல தப்பில்ல. கரண்டு வார வயர்ல சுவிட்ச வைக்கணும். உங்க வீட்டுல யாரோ திரும்பிப் போற வயர்ல வச்சிருக்காவ, நியூட்ரல்ல. குண்டு பல்பா இருந்தா இது வெளியவே தெரியாது. எல்இடிக்குத் துளி கசிஞ்சாப் போதும், காட்டிக் குடுத்துரும்." பல்பை அட்டைக்குள் திருப்பி வைத்தாள். "அந்த ஹோல்டர்ல மட்டும் கை வச்சிராதீங்க. சுவிட்ச அணைச்சாலும் அங்க கரண்டு நிக்கும்."

"அணைச்சாலுமா?"

"அணைச்சாலும்தான். ஆஃப் பண்ணியாச்சுன்னு நம்பித் தொட்டா ஆளையே கொன்னுரும் அக்கா."

சொல்லிவிட்டு நாகஜோதி அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள். அசீனா அங்கிருந்த அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்தாள். அணைத்தோமா இல்லையா என்பது இனி அல்லாவுக்குத்தான் வெளிச்சம். ஆனால் அணைத்திருந்தாலும் அவர் போயிருப்பார். தன் கை அவரைக் கொல்லவில்லை. அழுகை வந்தது, நிம்மதியில் வந்த அழுகை. அது அடங்குவதற்குள், அந்த அறைக்கு வயரிங் செய்தது யார் என்பது நினைவுக்கு வந்தது.

"வீட்டுல நான் இருக்கையில வெளியாளு எதுக்கு?" என்று அந்த அறையைக் கட்டியபோது சொன்னவன் யாசின். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவனுக்கு வீட்டு வயரிங் எல்லாம் ஒரு வேலையா என்று குடும்பமே நினைத்தது. அவனும் அப்படித்தான் நினைத்தான்.

கூப்பிட்டதும் மறுநாள் மத்தியானம் யாசின் வந்தான். முந்தின நாள் கடையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அசீனா அவனைக் கேட்பதற்கு எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். எதையும் கேட்கவில்லை. பின்னறைக்குக் கூட்டிப்போய், ஹோல்டரில் கை படாமல் பல்பை மாட்டச் சொன்னாள். சுவிட்சைப் போட்டாள். அணைத்தாள். உள்ளே நின்றபடியே கதவைச் சாத்தினாள்.

தொழில் தெரிந்தவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மங்கலைப் பார்த்தான். சுவிட்சைப் பார்த்தான். அந்தச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான்.

"மதினி, இந்த ரூமு..."

"நீ பண்ணது. தெரியும்."

"நான் அன்னைக்கு எல்லார்ட்டயும்..."

"அதுவும் தெரியும். ரெண்டு வருஷமா நான் தூங்கல யாசினு. மாமிட்ட நீயே போய்ச் சொல்லு. அதுக்கு முன்னால இத சரி பண்ணிரு."

அவன் ஸ்டூலில் ஏறினான். அசீனா முன்பக்கம் போய் மெயினை இறக்கினாள். வீடு மொத்தமும் ஓய்ந்தது. அந்த அமைதியில் பின்னறையிலிருந்து அவன் குரல் வந்தது. அண்ணன் குரல்தான் அவனுக்கும்.

"மெயின ஆஃப் பண்ணிட்டியளா?"

"பண்ணிட்டேன்" என்றாள்.

ஸ்குரூவைத் திருகும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். ஹோல்டர் திறந்து தொங்கியது. யாசின் தூக்கிய கையோடு அசையாமல் நின்றான். டெஸ்டர் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்தால் மறுபடியும் அவளை நம்பவில்லை என்றாகும். எடுக்காமல் தொட அவனுக்குக் கை வரவில்லை.

"டெஸ்டர வச்சுப் பாரு" என்றாள் அசீனா.

"வேண்டாம் மதினி. நீங்க சொன்னாப் போதும்."

அவன் கண்ணை மூடினான். அந்த நொடியில், மெயினை இறக்கினோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. இறக்கிய கை இதுதான், அதில் மெயின் பெட்டியின் துரு இன்னும் ஒட்டியிருந்தது. பார்த்தும் நம்ப முடியவில்லை. தொடாதே என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அவன் தொட்டுவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல், ஸ்டூல் மேலேயே நின்று, யாசின் ஓவென்று அழுதான்.