எந்த இரண்டு பேர்?

1

வீதியில் இறங்கிக் கத்தும் சுதந்திரத்துக்கு அன்றைய விலை பத்து ஆள். பேரம் பேசினால் இரண்டுக்கு வரும். விலை நான் வைத்ததல்ல. புளியந்தீவுப் பாலத்தடியில், பட்டப்பகலில், பொலிஸ் பொறுப்பதிகாரி ஒருவர் தன் வாயால் சொன்னது.

இந்தக் கதையை நான் ஒரு புடைவைக் கடையில் வாங்கினேன். (இடுப்புக்குக் கட்ட ஒரு சாறன் வாங்கத்தான் போனேன். சாறன் விலை படியவில்லை, கதை படிந்தது.) காத்தான்குடியில் கடை வைத்திருக்கும் றவூப்பும் அவர் மனைவி ஸாலிஹாவும் சேர்ந்து சொன்னார்கள். சேர்ந்து என்றால், கணவர் சொல்லச் சொல்ல மனைவி திருத்திக்கொண்டிருந்தார். நானும் கடைத்தெருவில் வளர்ந்த ஆள்; முதலில் சொல்லும் விலையை நம்புவதில்லை. ஆகவே இருவர் சொன்னதிலும் கொஞ்சம் கழித்துவிட்டு எழுதுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "வாவி அன்று கொந்தளித்துக்கொண்டிருந்தது." [இல்லை. அது தன்பாட்டில் கிடந்தது. வெட்டினேன்.]

தொடக்கம் இரண்டு: "மக்கள் வெள்ளம் பாலத்தை…" [நூற்றைம்பது பேர் இருந்தால் அதிகம். அதிலும் சிலர் பஸ்ஸுக்கு நின்றவர்கள்.]

தொடக்கம் மூன்று, இதை வைத்துக்கொள்கிறேன்: டொலர் ஏறி, பால்மா மறைந்து, எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடத்தில், கோடிக்காரர்களின் கடன் தள்ளுபடியான செய்தியும், தன் கடைக் கடனுக்கு வட்டி ஏறிய கடிதமும் றவூப்புக்கு ஒரே நாளில் வந்து சேர்ந்தன. ஐம்பது வயதுவரை ஒரு ஊர்வலத்திலும் நடக்காத மனிதர், மறுநாள் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு பாலத்தடிக்குப் போனார்.

பக்கத்தில் நின்றவனின் பெயர் பற்றிக். வாவியில் மீன்பிடிப்பவன், முப்பது வயது இருக்கும். மண்ணெண்ணெய் இல்லாமல் அவனுடைய எஞ்சின் தோணி கரையில் கிடந்தது. வெறும் எண்ணெய்க் கலனைக் கொண்டுவந்து தாளம் தட்டிக்கொண்டிருந்தான். "கோடிக்குத் தள்ளுபடி, கொத்து அரிசிக்குத் தடியடி!" தாளத்துக்கு றவூப்பின் கால் தன்னாலே ஆடியது.

"எண்ணெய் வரிசையில தள்ளுப்பட்டதுக்கே எனக்கொரு வழக்கு இரிக்கு காக்கா," என்றான் பற்றிக். (காக்கா என்றால் அந்தப் பக்கத்தில் அண்ணன்.) "பிணையிலதான் நிக்கிறன். இன்னொருக்காப் புடிச்சா வெளியில வர ஏலாது."

"அப்ப ஏன் மனே வந்தாய்?"

"வீட்டில இரிந்து மட்டும் என்ன செய்யிற?"

3

பொலிஸ் வந்தது. மஞ்சள் தடுப்பு, கேடயம், கண்ணீர்ப்புகைத் துப்பாக்கி தூக்கிய நால்வர். "பேசத் தெரிந்த ஆள் யாராவது போங்க," என்று கூட்டம் சொன்னது. பேசத் தெரிந்த ஆள் என்றால் கடைக்காரர்தானே. றவூப்பை முன்னே தள்ளினார்கள்.

"பத்துப் பேரத் தாங்க," என்றார் பொறுப்பதிகாரி. "மத்தாக்கள் வீட்ட போகலாம். மேலிடத்து ஓடர்."

"பத்தா? கூட்டமே ஒரு கைப்பிடிதானே சேர்."

"சரி, எட்டு."

"எட்டுப் பேர உங்கட ஜீப்புல எங்க இருத்துவீங்க? ஒண்டு."

"அஞ்சு."

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ரெண்டு. இதுக்கு மேல என்னால ஏலாது."

பொறுப்பதிகாரி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "சரி. ரெண்டு."

பெரிய வியாபாரம் படிந்தால் நாக்கின் அடியில் ஒரு இனிப்பு ஊறும். (எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கலாம்.) அந்த இனிப்போடு றவூப் கையை நீட்டினார். அதிகாரியும் குலுக்கினார். குலுக்கிய கையை விடாமல் கேட்டார்:

"எந்த ரெண்டு பேர்?"*

* கதையை இங்கேயே முடித்திருக்கலாம். கெட்டிக்கார எழுத்தாளர்கள் முடிப்பார்கள். ஆனால் நடுவீதியில் ஒரு மனிதரை அப்படி நிறுத்திவிட்டு நான் தேத்தண்ணி குடிக்கப் போவது முறையில்லை.

4

ஒருவர், தான்தான் என்று றவூப் உடனே முடிவெடுத்துவிட்டார். இதை நான் கழிக்கவில்லை; ஸாலிஹாவும் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது ஆள்? அவருடைய கண் கூட்டத்தின் மேல் போனது. போய், ஒரு இடத்தில் நின்றது. நின்ற இடம்

[இந்த வசனத்தை நாலு தரம் எழுதினேன். இப்படியே கிடக்கட்டும்.]

கலன் தாளம் நின்றது.

"என்னையா பாக்கிறீங்க, காக்கா?" என்றான் பற்றிக். கோபமாகக் கேட்கவில்லை. விலை கேட்பதுபோலக் கேட்டான்.

5

அப்போதுதான் ஸாலிஹா வந்தார்.

"இஞ்ச, யாரக் கேட்டு வித்தீங்க? உங்கட சாமானா இது? கையில இல்லாத சாமான வித்தா அந்த யாவாரம் கூடாதெண்டு ஓதினது மறந்து போச்சா?"

ஸாலிஹா அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"சேர், பத்துல இரிந்து ரெண்டுக்கு இறங்கியிரிக்கீங்க. எட்டுப் பேர வேணாமெண்டு விட்டவருக்கு இந்த ரெண்டு பேர் மட்டும் என்னத்துக்கு? எங்கட கடைக்கும் இப்பிடி ஆக்கள் வாற. அவங்களுக்குச் சாமான் தேவையில்ல, யாரோ அனுப்பினதால வாற." பிறகு கூட்டத்திடம்: "யாவாரம் சரிவராது. வாங்க, போவம்."

நடந்தார். கடையை விட்டு இறங்கும் வாடிக்கையாளர் நடக்கிற அந்த நடை உங்களுக்குத் தெரியும்: கால் முன்னே போகும், காது பின்னே நிற்கும். கூட்டமும் பின்னால் போனது. துப்பாக்கிக்காரர் நால்வரும் அதிகாரியின் வாயைப் பார்த்தார்கள். றவூப் மட்டும் தடுப்புக்கு முன்னால், தன் கையைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாமல் நின்றார்.

"அக்கா," என்று கூப்பிட்டார் அதிகாரி.

ஸாலிஹா நின்றார். உடனே திரும்பவில்லை.

"அந்தா, பாலத்தடிப் பூங்காவுக்குள்ள நிண்டு கத்துங்க. பாதைய விடுங்க. இருட்ட முந்தி முடிங்க."

"ஆள்?"

"ஆள் வேணாம்."

கையை விட்டார். பிறகு தொலைபேசியை எடுத்து மேலிடத்துக்குச் சொன்னார்: "பாதை கிளியர், சேர். கலைச்சாச்சு."

(முதல் பிரதியில் அவரைச் சிரிக்கவைத்திருந்தேன். "அந்தாள் சிரிக்கல்ல, பெருமூச்சுத்தான் விட்டான்," என்றார் றவூப். அந்த அதிகாரியும் காலையில் பால்மா வரிசையில் நின்றிருப்பார் என்று சேர்க்கலாமா? எனக்குத் தெரியாது. சேர்க்கவில்லை.)

6

வேறு முடிவுகளும் கைவசம் உண்டு. புகை, ஓட்டம், வீதியில் ஒற்றைச் செருப்பு. அதை நீங்கள் இன்னும் சுலபமாக நம்பியிருப்பீர்கள். பல ஊர்களில் அப்படித்தான் முடிந்தது. ஆனால் இங்கே முடியவில்லை. நல்லபடியாக நடந்துவிட்ட ஒன்றைக் கெடுத்து எழுதினால்தான் இலக்கியம் என்றால், அந்த இலக்கியத்தை நான் வாங்கவில்லை.

றவூப் பூங்கா ஓரத்துச் சீமெந்துக் கட்டின்மேல் பொத்தென்று இருந்தார். யாரோ பிளேன்டீ கொடுத்தார்கள். வாங்கிய வேகத்தில் வெள்ளைச் சேட்டெல்லாம் தேத்தண்ணி. அதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் கொட்டியது. பாலத்தடியில் அன்று கண்ணீர் வந்தது அவர் ஒருவருக்குத்தான். பற்றிக் பூங்காவுக்குள் மறுபடி கலனைத் தட்டிக்கொண்டிருந்தான்.

7

கடையில் வைத்து நேராகவே கேட்டேன்: உங்கள் கண் யாரில் நின்றது?

"இவவத்தான் பாத்தன்," என்றார் றவூப். "பற்றிக்குக்குப் பின்னால வந்துக்கிட்டிருந்தா."

"நான் அந்தப் பக்கத்தால வரல்ல," என்றார் ஸாலிஹா, துணியை மடித்தபடி. "நிழல்ல நிண்ட பொம்புளையளோட நிண்டுபோட்டு, பொலிஸ்ட பக்கத்தாலதான் வந்தன்."

பற்றிக் இப்போதும் கடைக்கு வருகிறானாம். அவன் கேட்கிற விலைக்கே றவூப் கொடுத்துவிடுகிறார். போன கிழமை அவன் கேட்டிருக்கிறான்: "ஏன் காக்கா, என்னோட மட்டும் நீங்க பேரம் பேசுறல்ல?" றவூப் மீதிக் காசைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாராம்.

அந்தக் கண் நின்ற இடத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நாலாம் பகுதியில் இடம் விட்டிருக்கிறேன். என் பக்கத்துக் கணக்கு இவ்வளவுதான். பொலிஸ் கொண்டுபோனது: ஒருவரையும் இல்லை. அடிபட்டவர்: இல்லை. இறங்கிய வட்டி: இல்லை. றவூப் பற்றிக்குக்குச் சொல்லவேண்டிய பதில்: ஒன்று, நிலுவை.